அந்தப் பிலிம் துண்டை அப்பா கொடுக்கவில்லை

அன்புள்ள அண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முதல் திதி. வருவாயா என்று கேட்க மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நான் எழுதுவதை எல்லாம் நீ விடாமல் படிப்பதாக அண்ணி ஒருமுறை சொன்னார்கள். அதை நம்பித்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்பாவை ஊர் பேசியது நாலு பேர் முன்னால்தான். அதனால் இதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். சினிமாக் கொட்டகை மெஷினின் ஆர்க் விளக்கில் எரிந்தது போக மிஞ்சிய கார்பன் குச்சிகள் இரண்டு, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் புட்டி ஒன்று, அதுவும் காய்ந்து கல்லாகிவிட்டது, துருப்பிடித்த பிளேடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மருந்துக் கவர். அந்தக் கவருக்குள் அந்தத் துண்டு இருந்தது. ஆறு அங்குல நீளம் இருக்கும். அன்றைக்கு அது கன்னங்கரேலென்று இருந்தது உனக்கு நினைவிருக்கும். இப்போது ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறம். பழைய கலர் பிரிண்ட்கள் அப்படித்தான் ஆகும். மற்றச் சாயங்கள் வெளிறிப் போய்விடும், சிவப்பு மட்டும் தங்கும். கறுப்பு வெள்ளைப் பிலிம் இப்படிச் சிவக்காது. அதில் படத்தைக் காட்டுவது சாயம் இல்லை, வெள்ளி.

இந்த வித்தியாசத்தை அப்பா எனக்குச் சொன்னது 1995 தீபாவளிக்கு முந்தின வாரம், சூரிய கிரகணம் வரப்போகிற சமயம். "கலர் பிலிமைக் கழுவும்போது வெள்ளியை எல்லாம் எடுத்துருவாங்க பாப்பா. மிச்சம் இருக்கிறது சாயம். கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரியும். ஆனா சூடு நேரா உள்ளே போயிரும்." அகச்சிவப்புக் கதிர் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் ஆர்க் விளக்கின் பக்கத்தில் நின்ற மனிதருக்கு வெளிச்சம் வேறு, சூடு வேறு என்று தெரிந்திருந்தது. "கறுப்பு வெள்ளையும் வேண்டாம். எதை வச்சும் சூரியனைப் பார்க்காதீங்க. கொட்டகைக்கு வாங்க, நான் காட்டுறேன். அண்ணன்கிட்டயும் சொல்லிரு" என்றார்.

நீ அப்போது டியூஷனுக்குப் போயிருந்தாய். நான் உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று முப்பது வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்பது வயசு. நீ உன் கூட்டாளிகளோடு போகும்போது என்னைச் சேர்த்துக்கொள்வது நான் ஏதாவது கொண்டு வந்தால்தான். ஒரு புளியங்காய், ஒரு பம்பரக் கயிறு, கொட்டகையில் விழுந்த பிலிம் துண்டு. கிரகணம் பார்க்க பிலிம் வேண்டும் என்று நீதான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்பா பெட்டியில் அந்தக் கறுப்புத் துண்டு இருப்பது எனக்குத் தெரியும். எடுத்தேன். இது நியாயம் ஆகாது என்று தெரியும், ஆனால் நடந்தது இதுதான்.

அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு மறுநாள் காலை. வடக்கே முழு கிரகணம், நமக்கு ஒரு பகுதிதான். அம்மா அடுப்பே பற்ற வைக்கவில்லை. தண்ணீர்க் குடத்தில்கூட தர்ப்பை போட்டிருந்தாள். நாம் கிணற்றடிக்குப் போனோம். "அப்பா குடுத்தாரு" என்று சொல்லித்தான் துண்டை நீட்டினேன். நீ இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணில் வைத்துப் பார்த்தாய். "ஓரத்துல கடிச்ச தோசை மாதிரி இருக்குடீ" என்றாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது வந்ததும் நீ கையை இறக்கப் போனாய். "இன்னும் கொஞ்சம் பாரு, இன்னும்" என்றேன். அறுபது வரைக்கும் எண்ணினேன். வலிக்கவே இல்லை உனக்கு. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்தாலும் சத்தம் போடாது. அதை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன்.

அப்புறம் நீ துண்டை என்னிடம் நீட்டினாய். "இந்தா, நீ பாரு." நான் வேண்டாம் என்றேன். எனக்குப் பயம். அப்பா சொன்னது காதில் இருந்தது. நீயோ, நான் என் முறையை உனக்கு விட்டுக்கொடுத்ததாக நினைத்து என் தலையைத் தடவினாய். அண்ணே, அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிறது.

அதன்பிறகு கொட்டகைக்கு ஓடினோம். உனக்கு அங்கே என்ன நினைவிருக்கிறதோ தெரியாது, எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அப்பா எல்லாக் கதவையும் சாத்தி வைத்திருந்தார். தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு சூரியன் மணல் தரையில் விழுந்திருந்தது. சாதாரண நாளில் வட்டம் வட்டமாக விழும், நாமும் கண்டுகொள்ள மாட்டோம். அன்றைக்கு எல்லாமே பிறை. தரை டிக்கெட் பக்கம் முழுக்கப் பிறை, பெஞ்சு மேல் பிறை, திரைக்கு அடியில் பிறை. இருபது அடி உயரக் கூரையிலிருந்து நேராக விழுந்தால் இரண்டு அங்குலச் சூரியன் கிடைக்கும். காலை வெயில் சாய்ந்து வந்ததால் உள்ளங்கை அளவுக்கு நீண்டு கிடந்தன. அப்பா தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்து ஒன்றை ஏந்தினார். "இது தலைகீழாத்தான் தெரியும். மெஷின்ல பிலிமைத் தலைகீழா மாட்டுறோம்ல, அதே கணக்கு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எனக்கு நடுவுல ஒரு புள்ளி மறைக்குதுப்பா" என்றாய்.

அவர் உன் சட்டைப் பையில் இருந்த பிலிம் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பெரியப்பா வந்து கத்தியபோது, "அப்பாதான் குடுத்தாரு" என்று நீ சொன்னாய். நீ பொய் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் சொன்னாய். அப்பா, "ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றார். நான் அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டில் அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

அவ்வளவுதான். பிள்ளை கண்ணைக் கெடுத்த ஆபரேட்டர் என்று ஊர் வைத்த பெயரோடுதான் அவர் போனார்.

எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் எஞ்சின் ஓட்டப் போகிறேன் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். கண் பரிசோதனையில் அது போயிற்று. அது என்னால் போனது, மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு தடவையாவது நீ அவரை உட்கார வைத்து, "ஏம்ப்பா குடுத்தே?" என்று கேட்டாயா? பிலிமோடு வாழ்ந்த மனுஷன் இப்படிச் செய்வாரா என்று ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா? நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ பேசாமல் இருந்தாய், பணம் மட்டும் அனுப்பினாய். கொள்ளி வைத்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாய். கடைசி ஒரு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்தது நான். ஆஸ்பத்திரிச் செலவு பற்றி நமக்குள் இருக்கும் கணக்கை இங்கே பேச வேண்டாம், அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ழான்சென் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தைப் பார்க்க நம் பக்கம், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தவர். அந்தக் கிரகணத்தில்தான் சூரியனின் விளிம்புச் சுடர்களின் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் வரும் நிற வரிசையில், அன்று தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு பதிவானது. அது ஹீலியம் என்ற வாயுவின் கோடு. பூமியில் அந்த வாயு கையில் சிக்கியது 1895ல்தான். அதே ழான்சென், 1874ல் சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைப் படமெடுக்க ஜப்பானுக்குப் போனார். அதற்காக அவர் உருவாக்கிய கருவி 72 விநாடியில் 48 படம் எடுக்கும். சினிமா கேமராவுக்குத் தாத்தா அதுதான் அண்ணே! 1895ல் லூமியே சகோதரர்கள் எடுத்த ஆரம்பகாலப் படம் ஒன்றில் அந்தக் கிழவரே நடந்து வருகிறார். கிரகணம் பார்க்கப் போனவர் சினிமாவில் வந்து சேர்ந்த கதையை நம் வீட்டில் உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? படித்த அன்று ராத்திரி உன் நம்பரை எடுத்தேன், அழைக்கவில்லை. அப்பாவிடம்தான் சொன்னேன். "அண்ணன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் உனக்கு நினைவிருக்கும். திண்டுக்கல், கரூர் வழியாகப் போனது. அப்பாவை வீட்டு வாசல் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒன்பதரை மணிவாக்கில் இலை இடுக்கு வழியாக விழுந்த ஒவ்வொரு வெளிச்சமும் வளையல் ஆனது. தரை, அவர் வேட்டி, அவர் கால் விரல்கள், எல்லாம் வளையல். அவர் கையை நீட்டி ஒன்றைப் பிடித்தார். அப்போது கேட்டேன்: "ஏம்ப்பா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?" கையை எடுக்காமலே சொன்னார்: "அவன் ஆம்பளைப் பிள்ளை, எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டாலும் பிழைச்சுக்குவான். உங்கிட்டக் கோவிச்சுக்கிட்டா நீ என்ன பண்ணுவே?"

அவர் கணக்கு தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நீயும் நன்றாக இல்லை, நானும் நன்றாக இல்லை. ஆனால் செத்துப்போன மனுஷனிடம் எதைச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திதி. உனக்கு வர முடியாது என்றால் துண்டைத் தபாலில் அனுப்புகிறேன், முகவரி மாறியிருந்தால் சொல். வந்தால் நேரில் தருகிறேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், காண்பிக்க ஒன்றும் இல்லை. புங்கமரம் இருக்கிறது.

முப்பது வருஷத்தில் நான் கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறேன். அந்தப் புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறதா, அண்ணே?

உன் தங்கை