புனித வின்சென்ட் தே பவுல் சபை, எங்கள் பங்குக் கிளை: ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, சபை உறுப்பினர்களே, பங்கு மக்களே, அனைவருக்கும் அன்பு வணக்கம்.

ஆண்டின் தொடக்கத்தில் 18 பேர் இருந்தோம். இருவர் வேலைக்காக வெளியூர் போனார்கள், மூவர் புதிதாகச் சேர்ந்தார்கள். மழையில் விட்டுப்போன வாரங்களையும் திருவிழா நாட்களையும் கழித்தால் 47 கூட்டங்கள் நடந்தன. 11 குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தோம். செப்டம்பர் 27, நம் பாதுகாவலர் திருநாளன்று, முதியோருக்குத் திருப்பலியும் மதிய உணவும் இருந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணக்கு நோட்டில் இரகசியப் பை வசூலும் (கூட்டத்தில் யார் எவ்வளவு என்று தெரியாமல் போடும் காணிக்கை) நன்கொடையும் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். வளைகுடாவில் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகள் மறக்காமல் அனுப்பினார்கள், அவர்களுக்கு நன்றி. வீடு சந்திப்பு நோட்டைத் திறந்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மொத்தம் 9 சந்திப்புகள்தான். பை நிறைந்தது, நடை குறைந்தது. அரிசியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். நானும்தான்.

அக்டோபரில் நானும் தலைவரும் ஓடைக்கரை ஓட்டு வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனோம். ஆட்டோவில் போன இரண்டு மாத அரிசியும் மூலையில் கட்டு பிரிக்காமல் கிடந்தது. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அடுப்புப் பக்கமே போவதில்லை. பக்கத்து வீட்டில் கொடுக்கும் கஞ்சிதான் ஆகாரம். நாங்கள் அரிசியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும் மக்களே, இருந்து ஒரு செபமாலை சொல்லிட்டுப் போங்க" என்றார். மணி ஒன்று அறுந்து, நூலால் முடிந்த செபமாலை. ஐம்பத்து மூன்று மணியையும் அவர் விரல் தடவித் தடவிக் கடந்தது. கிளம்பும்போது என் கையை விடவே இல்லை. அந்த வீட்டுக்கு நான்கு மாதமாக யாரும் போகவில்லை என்பது நோட்டில் இருக்கிறது.

இந்தச் சபை எப்படித் தொடங்கியது என்று நமக்குத் தெரியும். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் ஏழைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தபோது, ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி அந்த மாணவர்களை ஏழைகளின் வீடுகளுக்கே அனுப்பினார். ஓசானாம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்காக அவரை யாரும் பீடத்தில் ஏற்றவில்லை. 1997-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது அவருடைய விசுவாசத்துக்காகவும் ஏழைகள் மேல் அவர் வைத்த அன்புக்காகவும்தான்.

ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத் திருப்பயணம் போனோம். புனித தேவசகாயம் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்தவர், மன்னரின் தயவு பெற்றவர். டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன, விவிலியத்தில் வரும் யோபுவின் கதை அவர் மனத்தைத் தொட்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விசுவாசத்தை விட்டுவிட்டால் பழைய வாழ்வு திரும்பக் கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. குருவும் அல்ல, துறவியும் அல்ல, நம்மைப்போல் குடும்பஸ்தர். 2022 மே 15-இல் அவர் புனிதரானபோது நாமெல்லாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! சரி, அவர் எதை விட்டு எதைப் பிடித்துக்கொண்டார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

மலையிலிருந்து இறங்கி வந்த வாரக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் மன்றாட்டுகளைப் பற்றிப் பேசினார். விசா, மார்க், வீட்டுக் கடன், இவற்றுக்குத்தான் நாம் அதிகம் மன்றாடுகிறோம் என்றார். அவற்றுக்காக வேண்டுவதில் தவறில்லை. ஆனால் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் சாட்சி சொல்கிறோம், பிள்ளை செபத்தை விட்டுவிட்டால் அதை யாரிடமும் சொல்வதில்லை. அப்புறம் அந்தக் கூட்டம் இரவு ஒன்பது வரை நீண்டது. பலர் அழுதார்கள். ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் கிடைத்தும் வேண்டாம் என்று சொன்ன தம்பி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

பிப்ரவரியிலிருந்து ஆட்டோ இல்லை. இருவர் இருவராக, கையில் பையோடு, ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கிளம்புகிறோம். வாரம் இரண்டு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரமாவது இருந்து செபித்துவிட்டு வருகிறோம். அரிசியை வேகவைத்துக் கொடுக்க வேண்டிய வீடுகள் மூன்று. அவற்றுக்கு அன்பியச் (பங்கின் சிறு குழு) சகோதரிகள் முறை வைத்திருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கான சோடிப் பட்டியலில் இன்னும் நான்கு இடங்கள் காலியாக உள்ளன. நோட்டு பீடத்துக்கு வலப்பக்கம் உள்ள மேசையில் இருக்கிறது. ஓடைக்கரைப் பாட்டி வீட்டுக்கு வரும் ஞாயிறு போக ஒருவர் வேண்டும்.

இறைப்பணியில்,
செயலாளர்