ஆசிரியர் தினத்துக்குப் படம் போடும் அன்பர்களுக்கு

கடலூர், நெல்லிக்குப்பம், புதுச்சேரி வட்டாரத்தில் ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்றும் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்றும் விழா எடுக்கும் சங்கத்தாருக்கும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் எங்களைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். கூடவே, 2005இல் வந்த ‘பிளாக்’ படத்தை முழுசாகவோ துண்டுதுண்டாகவோ திரையில் போடுகிறீர்கள். சஞ்சய் லீலா பன்சாலி எடுத்தது. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத மிஷெல் என்ற பெண்ணுக்கு அமிதாப் பச்சன் ஆசிரியராக வருவார். சிறுவயது மிஷெலாக நடித்த ஆயிஷா கபூர் ஆரோவில்லில் வளர்ந்தவர் என்பதால் நம் பக்கத்தில் அந்தப் படத்துக்குத் தனிச் செல்லம். “நம்ம ஊர்ப் பொண்ணு” என்று சொல்லாமல் யாரும் மைக்கைக் கீழே வைப்பதில்லை. சொல்லட்டும், அந்தச் சிறுமி நிஜமாகவே நன்றாக நடித்திருக்கிறார்.

படமே போடாதீர்கள் என்று கேட்க வரவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஒருவர் எழுந்து பேசுவாரே, அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். “இவரைப் போல வாழ்க்கையையே அர்ப்பணிக்கும் ஆசிரியர்கள் வேண்டும், இது சம்பளத்துக்குச் செய்யும் வேலையல்ல, தொண்டு.” ஆளும் மேடையும் மாறினாலும் வாசகம் மாறுவதில்லை.

சம்பளத்துக்குச் செய்யும் வேலைதான் ஐயா இது.

அந்தப் படத்துக்கு வேர், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்கப் பெண் ஹெலன் கெல்லரின் வாழ்க்கை. 1887 மார்ச் 3 அன்று அலபாமாவின் டஸ்கம்பியாவில் கெல்லர் வீட்டு வாசலில் ஹெலனுக்கு ஆசிரியையாகப் போய் நின்ற ஆன் சல்லிவனுக்கு வயது 20. அவரே பார்வைக் குறைபாடு உள்ளவர். பாஸ்டனில் பெர்கின்ஸ் பள்ளியில் படித்தவர். அங்கேதான் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் லாரா பிரிட்ஜ்மன் என்ற, கண்ணும் காதும் இயங்காத சிறுமிக்கு மொழி கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆன் ரயிலேறினார். ஏப்ரல் 5 அன்று தண்ணீர்க் குழாயடியில் ஹெலனுக்குச் சொல் பிடிபட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஒரு மாதத்துக்குப் பின்னால் ஒரு பள்ளி இருந்தது, எழுதிவைத்த முறை இருந்தது, பேசி முடித்த மாதச் சம்பளம் இருந்தது. சினிமாவில் இதெல்லாம் கழன்று விழுந்து ஒரு மனிதரும் ஒரு நீரூற்றும் மட்டும் மிஞ்சுகிறார்கள். கதைக்கு அது அழகு. எங்கள் வேலைக்கு அது இடைஞ்சல், ஏனென்றால் தெய்வத்துக்கு யாரும் பணியிடம் உருவாக்க மாட்டார்கள்.

பணியிடம் என்றதும் கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறப்பாசிரியர் நியமனம் பற்றிய ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவு வைத்தது. மூளை முடக்குவாதம் உள்ள 8 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்றால் 5 பேருக்கு ஒருவர். கண்ணும் காதும் சேர்ந்து பாதித்த பிள்ளைகளுக்கு 2 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. எங்கள் பக்கம் ஒரு பயிற்றுநர் பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் சுற்றுகிறார், பெரும்பாலும் தொகுப்பூதியத்தில். ஒன்றிய அரசு 2024–25க்கான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது யார் பக்கம் நியாயம் என்று தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. எங்கள் வீடுகளில் அடுத்த மாத வாடகையைப் பற்றி விவாதம் நடந்தது.

இன்னொன்று, இது தொழில் சார்ந்த சங்கடம். படத்தில் ஆசிரியர் பிள்ளையை இழுக்கிறார், மல்லுக்கட்டுகிறார், நீரூற்றில் தள்ளுகிறார், சொல் பிறக்கிறது, அரங்கம் கைதட்டுகிறது. கைதட்டுபவர்களில் பி.எட். மாணவர்களும் உண்டு. நாங்கள் கற்றது இதற்கு நேர்மாறு. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, கைதான் வாய். அதைப் பிடித்து இழுப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். ஆகவே எங்கள் கை கீழே இருக்கும், பிள்ளையின் கை மேலே. கோலம் போடும் அம்மாவின் கைமேல் குழந்தை தன் கையை வைத்துக்கொண்டு கூடவே போவது போல. பிடிக்காவிட்டால் பிள்ளை கையை எடுத்துக்கொள்ளலாம், அந்த உரிமை அதற்கு இருக்க வேண்டும். அடுத்து வருவது சாப்பாடு என்று உணர்த்த, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு கரண்டியைக் கையில் கொடுப்போம். குளிக்கப் போகும் முன் துண்டு. ஒரே கரண்டி, ஒரே துண்டு, ஒரே வரிசை. வாரக்கணக்கில் எதுவும் நடக்காது. ஒருநாள் பசித்த பிள்ளை தானே தடவித் தேடிக் கரண்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டும். எங்களுக்கு அதுதான் முதல் வாக்கியம். பின்னணி இசையெல்லாம் இருக்காது, பக்கத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்.

பலவந்தம்தான் பாசத்தின் அடையாளம் என்று ஒரு தகப்பன் படம் பார்த்துக் கற்றுக்கொண்டால், அதை மாற்ற எங்களுக்கு மாதங்கள் பிடிக்கும். பள்ளியில் உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சிறப்புக் குழந்தை என்பதற்காக அந்தப் பிரிவில் விலக்கு ஒன்றும் இல்லை.

படம் முடிந்ததும் பேசியே ஆக வேண்டுமென்றால் பேச வேறு விஷயம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா, குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் சேர்த்தே தாக்கக்கூடியது. தடுக்க ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கம் முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. அப்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊசி நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் நம் தெருக்களில்தான் இருந்தார்கள். மேடையில் ஐந்து நிமிடம் அதற்குக் கொடுங்கள். முட்டுக்காட்டில், நீங்கள் சென்னைக்குப் போகும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அதுவும் 2005இல் வந்ததுதான். கண்–காது இரண்டும் பாதித்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் பயிற்சி அங்கே உண்டு. கூட்டத்தில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். தொண்டு என்று சொன்னால் கைதட்டுவார்கள், படிப்பு என்று சொன்னால் ஒருவராவது விண்ணப்பம் வாங்குவார்.

அரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காது கேளாத மாணவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, இந்தியும் ஆங்கிலமும் கலந்த படத்தைத் தமிழ் வரிகள் இல்லாமல் ஓட்டிய விழாவில் நான் இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் திரையைவிட அழுதுகொண்டிருந்த விருந்தினர்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். பரிசு வாங்க வந்த சிறுவனை நான்கு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையேற்றியதும் புகைப்படமானது. ஊடகத்தில் வசனவரி, ஒலி விவரிப்பு, சைகைமொழி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே சொல்லிவிட்டது. திரையரங்குகளுக்கான அணுகல் வழிகாட்டுதலைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. உங்கள் விழா தியேட்டர் அல்லதான். ஆனால் விழாவே அந்தப் பிள்ளைகள் பெயரில் நடக்கிறது.

அடுத்த விழாவுக்குச் சால்வைகளைக் குறைத்து, சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை அழைத்துவாருங்கள். மேடைக்குச் சாய்தளம் வாடகைக்குக் கிடைக்காவிட்டால் பரிசைத் தரையிலேயே கொடுங்கள், விருந்தினர் இறங்கி வரட்டும். சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை நிரப்பக் கேட்டு ஒரு மனு எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, கடலூரில் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் புதுச்சேரியில் என்றால் கல்வித்துறையிடமும் கொடுங்கள். எழுதித்தர நான் தயார்.

என்னைக் கூப்பிடுவதானால் சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். வேலை நாளில் வந்தால் அன்று முறை வரும் பிள்ளைக்கு வகுப்பு போய்விடும், அடுத்த முறை வர அது ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர்