கொக்குத் தலையில் வெண்ணெய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் ஒரு கொக்கு. சிரிக்காதே, சொல்கிறேன்.

முதலில் உன் சங்கதி. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் மாடிப்படி ஏறிப் பார்த்ததெல்லாம் வேண்டாத வேலை. பேத்தி சுவரெல்லாம் கிறுக்குகிறாள் என்று புகார் வேறு. கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி நழுவுகிற மாதிரி வரைந்து, கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிக் காட்டியது யாருடா? அந்தப் புத்தி அவளுக்கு வராமல் எங்கே போகும்?

‘இந்த வயதில் பொம்மைப் படமா’ என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதேதான். நாங்கள் ஐந்து பேர். மற்ற நால்வருக்கும் என் வயதில் பாதிகூட இருக்காது. முதல் வாரம் என்னைச் சார் என்றார்கள், இப்போது அண்ணே. என் வேலை ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியாகப் படம் போட்டு வைப்பதும், எந்தச் செய்கை எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று சண்டை போடுவதும்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்து, வெயிலில் அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிக்கலாம் என்று ஒருவன் கிளம்புகிறான். வைத்துவிட்டு ஒளிந்து உட்கார்ந்தால் மேகம் வந்து சூரியனை மூடிக்கொள்கிறது. முதல் கூட்டத்திலேயே ஒரு பெண், “தலையில் வெண்ணெய் வைக்கிற தூரம் போனவன் அப்போதே பிடித்திருக்கலாமே, கதையில் ஓட்டை இருக்கே” என்றாள். அந்த ஓட்டைதான் அம்மா கதை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

எழுதும்போது ஏழு நிமிடம் வந்தது. படங்களை வரிசையாக ஒட்டி, தற்காலிகச் சத்தம் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதை அனிமேட்டிக் என்பார்கள். அதைப் பார்த்தபோது முதல் இரண்டு நிமிடம் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வெட்டினோம். இப்போது மூன்றரை நிமிடம். நான் ஆசையாக வரைந்த தவளை ஒன்று அதோடு போய்விட்டது. அனிமேட்டிக்கில் வெட்டினால் சில கிறுக்கல்கள்தான் நஷ்டம். அனிமேஷன் முடித்த பிறகு வெட்டினால், நாளெல்லாம் உட்கார்ந்து இரண்டு மூன்று வினாடி நகர்த்துகிற பையனின் வாரக்கணக்கான உழைப்பு போகும்.

நீ கணக்கில் புலி, இதைப் போட்டுப் பார். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். மூன்றரை நிமிடத்துக்கு 5,040. எங்கள் கணினி ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது ஒளியும் நிழலும் சேர்த்து முழுப் படமாக்க, எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒரே கணினி இரவு பகலாக ஓடினால் 28 நாள்! மூன்று இருப்பதால் பிழைத்தோம். மென்பொருள் பிளெண்டர், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். 2002இல் அதை எழுதிய மூலநிரலையே எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து விட்டுவிட்டார்கள். இலவசத்தில் என்னடா படம் வரும் என்று நீ கேட்பாய். 2025இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ என்ற அனிமேஷன் படம் இதில்தான் செய்தது. பொம்மைகளுக்கு எலும்பும் மூட்டும் வைக்கிற எங்கள் ரிக் பையன், 2008இல் வந்த ‘பிக் பக் பன்னி’ என்ற குறும்படத்தின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறான். படம் எடுத்த கோப்புகளை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல மனசு.

சரி, அந்தக் கொக்கு விஷயம். வெண்ணெய் தலையில் விழுகிறது. கொக்கு அசையாமல் நிற்கிறது. அப்புறம் கருவிழி மட்டும் மெல்ல மேலே போகிறது. அவ்வளவுதான் ஷாட். விழி திரும்புவதற்கு முன் எத்தனை நேரம் நிற்பது என்பதில்தான் மூன்று வாரம் போனது. இயக்குநர் 12 ஃபிரேம் போதும் என்றார், அரை வினாடி. ஓட்டினால் ஏதோ கொசு கடித்துத் திரும்புகிற மாதிரி இருந்தது. 24 வைத்தோம், அதிர்ச்சியாகத்தான் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. நான் 40 கேட்டேன். வைத்துப் பார்த்தால் கணினி உறைந்துபோனதோ என்று எல்லாருமே மவுஸைத் தேடினோம். கையால் வரைந்த படத்தில் ஒரே ஓவியத்தை அப்படியே நிறுத்தி வைத்தால் தாங்கும். முப்பரிமாணத்தில் அசைவு சுத்தமாக நின்றால் பொம்மை செத்துவிடுகிறது. கடைசியில் ரிக் பையன்தான் கொக்கின் பின்மண்டையில் ஒரே ஒரு இறகைக் காற்றில் லேசாக ஆடவிட்டான். அதே 40தான். இறகு ஆடுகிறது, கொக்கு யோசிக்கிறது! விழி மேலே போனதும் இயக்குநரே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ஜெயித்தது இறகு.

வெண்ணெய் உருகுவதைக் கணினியே கணக்குப் போட்டுச் செய்யட்டும் என்று விட்டுப் பார்த்தோம். அது தலை முழுக்க வழிந்து பசை கொட்டின மாதிரி ஆனது. இப்போது ஐந்து வடிவம் கையால் செய்து மாற்றி மாற்றி வைக்கிறோம். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஒரே நகைச்சுவையை நானூறு தடவை பார்த்தால் அது நகைச்சுவை இல்லை, பஞ்சாங்கம். எங்களுக்கு இப்போது எது சிரிப்பு என்றே தெரியவில்லை. அதனால் வாரம் ஒருவரை வெளியிலிருந்து கூட்டி வந்து பார்க்கச் சொல்கிறோம். கேள்வி எதுவும் கேட்பதில்லை, பின்னால் நின்று தோள் குலுங்குகிறதா என்று பார்ப்பேன். போன வாரம் வந்தவர் நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த இடத்தில் கொட்டாவி விட்டார். அவன் ஒளிந்த புதரிலிருந்து முழங்கை வெளியே துருத்தியிருந்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தார். அது எங்கள் தவறு, கவனிக்காமல் விட்டது. இப்போது முழங்கை நிரந்தரம்.

இனி உன்னிடம் ஒரு காரியம். கடைசியில், வெண்ணெய் உருகி, கொக்கின் கண் மறைகிற நேரம், அவன் பிடிக்கக் கை நீட்டுகிறான். அவனுக்குத் தும்மல் வருகிறது. அந்தத் தும்மலில் வெண்ணெய் மொத்தமும் அவன் கண்ணிலேயே தெறித்து, அவன் குருடாகித் தடவுகிறான். கொக்கு நிதானமாக ஏறி அவன் வழுக்கைத் தலையில் ஒற்றைக்காலில் நிற்கிறது. தும்மல் சத்தத்தை முதலில் பதிவு செய்து, அதற்கு ஏற்பத்தான் முகத்தை அசைக்க வேண்டும். ஐந்து பேரும் தும்மிப் பார்த்தோம். எல்லாம் நடிப்பு. வலையில் எடுத்தவையோ ரொம்பச் சுத்தம்.

அப்போதுதான் உன் பரீட்சை ஹால் தும்மல் ஞாபகம் வந்தது. நீ மூச்சை இழுப்பாய், ஹாலே பேனாவை நிறுத்தும். வராமல் அடங்கிவிடும். சரி என்று எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்குகிற அந்த நொடியில் வெடிக்கும் பார்! ஓங்குவதை எங்கள் தொழிலில் ஆன்டிசிபேஷன் என்று தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஓங்காமல் அடித்தால் அடி விழுந்ததே கண்ணில் படாது. ஓங்கி, நிறுத்தி, ஏமாற்றி, அப்புறம் அடிப்பதை உன் மூக்கு அப்போதே செய்தது.

அதனால் போனில் பதிவு செய்து அனுப்பு. குளியலறையில் வேண்டாம், எதிரொலிக்கும். வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் கிழியும். நடிக்காதே, தானாக வரட்டும், பத்து நாள் ஆனாலும் காத்திருக்கிறோம். நடுவில் அடங்குகிற அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். போனைப் பேத்தியிடம் கொடுத்து வை. உனக்கு எப்போது வரும் என்று உனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சு