ரிப்போர்ட்டின் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் செல்களை ஒன்றோடொன்று பூட்டும் புரதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பயாப்சிக்கு எடுத்த திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்து, அறுத்து, சாயமேற்றியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1998இல் ஜப்பானின் கியோட்டோவில் ஷோய்ச்சிரோ சுகிடா குழுவினர் கண்டறிந்த, கிளாடின்கள் என்னும் அந்தப் பூட்டுப் புரதங்களைக் கட்டுரையாளர் அழகாக அறிமுகப்படுத்துகிறார். ஆனால் 'இந்தப் புரதம் கூடினால் புற்றுநோய் வரப்போகிறது' என்ற தொனி எனக்கு உறுத்துகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிளாடின்-18 இரைப்பையின் சொத்து. அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி உணவுக்குழாயின் அடிப்பகுதியின் உட்சவ்வு வேறு வகையாக மாறும்போது, அதாவது பாரெட் நிலைக்குப் போகும்போது, அது அங்கே வந்து நிற்கிறது. இரைப்பையில் கதை வேறு. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி நெடுநாள் அழற்சி உண்டாக்கிய இடத்தில் குடல் செல்களைப் போன்றவை முளைக்கும். அவற்றோடு குடலில் காணும் கிளாடின்-3, கிளாடின்-4 ஆகியவையும் தென்படும். இந்தப் புரதங்கள் தெரியும்படி சாயமேற்றிய ஸ்லைடில் செல்லின் விளிம்பு மட்டும் பழுப்புக் கோடாகத் தெரியும். கோழிக்கூண்டின் கம்பிவலையை விரித்து வைத்தது போல இருக்கும். அந்த வலை இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்த வலையை மட்டும் வைத்து ஒருவருக்குப் புற்றுநோய் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. கிளாடின்-2 கிரோன் என்னும் நாட்பட்ட குடல் நோயின் அழற்சியிலும் கூடுகிறது. 2024இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதித்த சோல்பெடக்சிமாப் மருந்து கிளாடின்-18இன் ஒரு வகையைக் குறிவைப்பது உண்மைதான். அதுவும் முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்கான சிகிச்சை, முன்னெச்சரிக்கைக் கருவி அல்ல.

என் மனக்குறை வேறு. கையில் இருக்கும் ரிப்போர்ட்டையே நாம் படிப்பதில்லை. போன மாதம் என் பெரியம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காண்டுப் பழைய பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். கடைசி வரியில் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா' என்று இருந்தது. இரைப்பையில் குடல் செல்களைப் போன்றவை முளைப்பதாக மேலே சொன்னேனே, அதுதான். இரைப்பைப் புற்றுநோய்க்கு முந்தைய படிகளில் ஒன்று அது. அந்தப் படியில் நிற்கும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டிய படி. அவரிடம் சொன்னதோ "வெறும் கேஸ் தொந்தரவு" என்று. அன்றிலிருந்து மாத்திரைதான். கிருமி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எடுத்த திசுவும் ஒரே ஒரு துணுக்கு, மிளகளவுகூட இராது. இரைப்பையின் மேலும் கீழும் வளைவிலுமாக ஐந்து இடங்களில் எடுக்க வேண்டும் என்பது சிட்னி முறை. மாற்றம் பரவலாக இருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டிகள். பரவியிருக்கிறதா என்பதை ஒரு துணுக்கைப் பார்த்து எப்படிச் சொல்வது?

புதிய புரதங்களைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் பயாப்சி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெரியம்மாவுக்கு அடுத்த புதன்கிழமை எண்டோஸ்கோப்பி. பழைய திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், மதுரை