பெயர் நீக்கப் பட்டியலைச் சங்கக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தலன்று வாக்கெடுப்பு நிலையத்துக்கு வந்து, பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் வன்னியில் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு எவராலும் உதவ முடியாது. சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரின் மேசையில் இருப்பது அச்சிட்ட வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியல். அதில் ஒரு பெயரைக் கூட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. கையில் அடையாள அட்டை இருந்தாலும், போன தேர்தலில் அதே பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டிருந்தாலும் கதை ஒன்றுதான். அலுவலரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. அந்தப் பெயர் பல மாதங்களுக்கு முன்னரே, ஆரும் பார்க்காத ஒரு பட்டியலில் போய்விட்டது. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. ஒருவர் எங்கே வசிக்கிறார் என்று கணக்கெடுக்கும் தகைமைத் திகதி முன்னர் யூன் 1. இப்போது பெப்ரவரி 1. கொழும்பில் இருந்து பார்த்தால் இது வெறும் திகதி மாற்றம். வன்னியில் பெப்ரவரி என்றால் காலபோக நெல் அறுவடை. கிராம அலுவலர் படிவத்தோடு வருகிற நேரம் பெரியவர்கள் வயலிலோ களத்திலோ நிற்பார்கள். வீட்டில் ஒரு கிழவியும் பேரப்பிள்ளையும் இருப்பார்கள். "மகன் எங்க அம்மா?" "அவன் கொழும்பிலயெல்லோ வேலை." இந்த ஒரு பதிலோடு மகனின் பெயர் கழிபட வாய்ப்பிருக்கிறது. அவன் வாடகை அறையில் தங்கி மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன் என்பதையோ, கொழும்பில் அவன் எங்கும் பதியவில்லை என்பதையோ படிவம் தானாகச் சொல்லாது. வேலைக்கோ படிப்புக்கோ தற்காலிகமாக வெளியே நிற்பதும் ஊரை விட்டே போவதும் ஒன்றல்ல. "வேலைக்குப் போயிருக்கிறான், வதிவிடம் இதுதான்" என்று வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ விடுதியில் இருந்து படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான்.

விதானையாரை, அதாவது கிராம அலுவலரை, குறை சொல்லி முடித்துவிடுவது இலேசு. சில இடங்களில் ஒருவரே இரண்டு பிரிவைப் பார்க்கிறார். ஒரு பிரிவுக்குள்ளேயே குளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு குடியேற்றம், காட்டோரம் இன்னொன்று என்று வீடுகள் சிதறிக் கிடக்கும். மாலையானால் யானைப் பயம். வீடு பூட்டியிருந்தால் இரண்டாம் முறை வர அவருக்கு நேரமில்லை என்பதே உண்மை.

வீடுவீடாகச் சேர்த்த விவரத்தை வைத்து இரண்டு பட்டியல்கள் தயாராகும். ஏ பட்டியலில் நீக்கப்பட இருக்கும் பெயர்கள், பி பட்டியலில் புதிதாகச் சேர்க்கப்பட இருக்கும் பெயர்கள். இவை 28 நாட்களுக்குக் காட்சிக்கு வைக்கப்படும். ஏ பட்டியலில் பெயர் விழுந்தவரும், பி பட்டியலில் வரவேண்டிய பெயர் வராதவரும் அந்த 28 நாட்களுக்குள் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தகைமை இல்லாத ஒருவரின் பெயர் நுழைந்திருந்தால் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். அதன் பிறகு கதவு சாத்தப்படும். வன்னியில் வாக்குரிமை பறிபோவதும் காப்பாற்றப்படுவதும் இந்த 28 நாட்களில்தான். தேர்தல் காலத்துச் சுவரொட்டிகளுக்குச் செலவாகிற பசையில் நூறில் ஒரு பங்கை இந்த மாதத்துக்குச் செலவழிக்க எந்தக் கட்சிக்கும் மனம் வருவதில்லை.

பட்டியல் எங்கே இருக்கிறது? மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில், பிரதேச செயலகத்தில், உள்ளூராட்சிச் சபையில், கிராம அலுவலரின் அலுவலகத்தில். கொக்கிளாயில் இருப்பவருக்கு முல்லைத்தீவு நகரம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். கிராம அலுவலரின் அலுவலகம் கிட்டத்தான், ஆனால் அது குறிப்பிட்ட நாட்களில்தான் திறந்திருக்கும். பட்டியலும் பெரும்பாலும் மேசைக் கோப்புக்குள் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தன் பெயர் போகப்போகிறது என்று தெரியாதவர் எப்படிப் போய்க் கேட்பார்?

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது. ஒரு கிராம அலுவலர் பிரிவின் ஏ, பி பட்டியல்களை ஒரு சில தாள்களில் அடக்கிவிடலாம். அவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்து சங்கக்கடை (கூட்டுறவுக் கடை), கமநல சேவை நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம், கடற்றொழிலாளர் சங்கம், பால் சேகரிக்கும் இடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் சுவர்களில் ஒட்ட வேண்டும். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துவிட்டு ஒட்டினால் போதும். பெயரும் வீட்டு இலக்கமும் இருந்தால் ஊர்ச்சனத்துக்கு ஆள் தெரியும். மழைக்கும் வெயிலுக்கும் தாள் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும் என்பதால் இரண்டாம் வாரம் முடிய ஒருக்கால் புதுத்தாள் ஒட்ட வேண்டும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஏ பட்டியலை மட்டும் உரத்து வாசித்தால் இன்னும் நல்லது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை இட்டுப் பெயரைச் சரிபார்க்கலாம் என்பது உண்மைதான். முத்தையன்கட்டுப் பக்கத்தில் சிக்னல் தேடி மரத்தடிக்குப் போகிறவருக்குச் சுவர்தான் உறுதி.

கோரிக்கை கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. அடையாள அட்டைப் பிரதியோடு வதிவிடத்துக்கு ஏதாவது ஒரு சான்று, மின்பட்டியலோ கிராம அலுவலரின் கடிதமோ, இணையுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத்தபால், பற்றுச்சீட்டை எறியாதீர்கள். "குடுத்தனான், கிடைக்கேல்லையாம்" என்ற வழக்குகள் எல்லாம் இந்தத் துண்டு இல்லாததால் தோற்றவை.

குடிமாறியவர்கள் விழுகிற பள்ளம் வேறு. பழைய இடத்தில் ஏ பட்டியலிலும் புதிய இடத்தில் பி பட்டியலிலும் பெயர் வரவேண்டும். முன்னையது மட்டும் நடந்து பின்னையது நடக்காவிட்டால் ஆள் இரண்டு இடத்திலும் இல்லை. கலியாணம் முடித்துப் போன பெண்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது: தாய்வீட்டில் "போயிட்டா" என்று கழித்துவிடுவார்கள், புகுந்த வீட்டில் "அடுத்த வருசம் பதியலாம்" என்பார்கள். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் மாறுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். மாங்குளத்தில் இருந்து சில கட்டை தள்ளிக் குடியேறினாலும் தேர்தல் மாவட்டமே மாறிவிடலாம். இடாப்பில் பெயர் இருந்தால் பிள்ளையின் முதலாம் வகுப்பு அனுமதிக்குப் புள்ளி கிடைக்கும் என்று பெயரை யாழ்ப்பாண நகரத்து உறவினர் வீட்டில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. வன்னிப் பள்ளிக்கூடங்களை ஒழுங்காக்கினால் இடாப்பும் ஒழுங்காகும்.

1990இல் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்கிற முஸ்லிம் மக்களின் நிலை இதைவிடச் சிக்கல். அவர்களைப் போன்ற இடம்பெயர்ந்தோரைச் சொந்த மாவட்டத்தில் பதிய 2013இலும் பின்னர் 2017இலும் விசேட ஏற்பாட்டுச் சட்டங்கள் வந்தன. இரண்டும் காலவரையறை உள்ளவை. பதிந்தாலும் வாக்களிக்க மன்னாருக்கு வரவேண்டும். 2019 நவம்பர் 16, சனாதிபதித் தேர்தல் நாளன்று, அப்படி வந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இடம்பெயர்ந்தோர் சொந்த ஊர் வாக்கைத் தங்கியிருக்கும் இடத்திலேயே போடக் கொத்தணி வாக்கெடுப்பு நிலையம் அமைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அதை ஒவ்வொரு தேர்தலுக்கும் கெஞ்சிக் கேட்கும் சலுகையாக வைக்காமல் சட்டத்தில் நிலையாக எழுதிவிட வேண்டும்.

ஆவணங்கள். யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் இங்கே ஏராளம். பிறப்புப் பதிவே இல்லாதவர் வயதை மதிப்பிட்டுத் தரும் ஊகவயதுச் சான்றிதழ் எடுத்து, அதைக்கொண்டு அடையாள அட்டை எடுக்க வேண்டும். இது மாதக்கணக்கில் இழுபடும் வேலை. தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் முடியாது. வாக்களிக்கத் தேசிய அடையாள அட்டை மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, சமூக சேவைத் திணைக்களம் வழங்கும் முதியோர் அட்டை, மதகுருமார் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் தருகிற அடையாளத் தகவல்களை உறுதிப்படுத்தும் கடிதம் ஆகியனவும் ஏற்கப்படும். இவை ஒன்றும் இல்லாதவர் கிராம அலுவலர் மூலம் படத்தோடு விண்ணப்பித்துத் தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டை பெறலாம். கடைசி வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது. அட்டை தொலைந்ததாகப் பொலிசில் போட்ட முறைப்பாட்டுத் துண்டு, போனில் எடுத்த படம், போட்டோக்கொப்பி, காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரம் எதுவும் செல்லாது. தபாலில் வரும் வாக்காளர் அட்டை வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். அது வாக்கெடுப்பு நிலையம் எது, இடாப்பில் எத்தனையாம் இலக்கம் என்று காட்டுகிற தாள். அது இல்லாமலும் வாக்களிக்கலாம். உங்களுக்குத் தபால் பட்டுவாடா செய்கிற அஞ்சலகத்தில் தேர்தல் நாளிலும் கேட்டு வாங்கலாம்.

கொழும்பிலும் மற்ற இடங்களிலும் தனியார் வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தபால்மூல வாக்கு இல்லை. ஆனால் சம்பளத்தோடு லீவு உண்டு. வாக்கெடுப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். கொழும்பில் இருந்து வவுனியாவே 250 கிலோமீற்றர் அளவில் என்பதால் அங்கே வேலை செய்கிற வன்னிப் பிள்ளைகள் அனைவருக்கும் இரண்டு நாள் உரித்து. எழுத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வாயால் கேட்டு, "பாப்பம்" என்ற பதிலோடு நின்றவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் கடந்து போட்ட வாக்கும் குப்பைக்குப் போவது வயிற்றெரிச்சல். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. காரணம் மர்மமல்ல. செப்ரெம்பர் 21இல் சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூவருக்கு எழுதலாம் என்று படித்தவர், எட்டு வாரத்தில் அதே பழக்கத்தில் மூன்று கட்சிச் சின்னங்களுக்கு எதிரே 1, 2, 3 எழுதினால் அந்தச் சீட்டுச் செல்லாது. பாராளுமன்றச் சீட்டில் ஒரே ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி (X அடையாளம்) போட வேண்டும். பிறகு கீழே உள்ள இலக்கங்களில் விரும்பினால் மூன்று வரை புள்ளடி. வன்னியில் ஆறு ஆசனம் என்பதால் ஒரு பட்டியலில் ஒன்பது பேர் இருப்பார்கள். விருப்பு வாக்கு நான்கைந்து பேருக்குப் போட்டால் விருப்பு வாக்குத்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் இரண்டும் போகும். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கே இல்லை, ஒரு புள்ளடி மட்டும். எட்டு மாதத்துக்குள் மூன்று விதம்! மாதிரிச் சீட்டில் பென்சிலால் போடப் பழக்குகிற அரைமணி நேர வகுப்பை மாதர் சங்கங்களில் நடத்தினால் இந்த எண்ணிக்கை குறையும். சீட்டில் பெயர், கையொப்பம், திட்டு, வாழ்த்து எதுவும் எழுதக்கூடாது என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

கால் கை இழந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் வன்னியில் எத்தனை பேர் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்கள் ஓர் உதவியாளரைக் கூட்டிப்போக இடமளிக்கிறது. உதவியாளர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேட்பாளரோ கட்சி முகவரோ ஆகாது. அதற்கான தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம அலுவலரும் அரச வைத்தியரும் ஒப்பமிட்டுத் தரவேண்டும். இங்கேதான் இடறுகிறது. சக்கரநாற்காலியில் இருப்பவர் இந்த ஒரு கையெழுத்துக்காக ஓட்டோ பிடித்து மாவட்ட வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னர் வழமையான நடமாடும் மருத்துவ முகாமிலேயே இந்தப் படிவங்களை ஒப்பமிட ஒழுங்கு செய்யலாம். சுகாதாரப் பணிப்பாளரும் உதவித் தேர்தல் ஆணையாளரும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிக்கக்கூடிய காரியம்.

கடைசியாகப் போக்குவரத்து. கட்சிகள் வாக்காளரை வாகனத்தில் ஏற்றிப்போவது குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நடக்க முடியாதவர் வாகனத்தில் வரத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குப் பஸ்தான் வழி. வாக்கெடுப்புக் காலை 7 முதல் மாலை 4 வரை. ஒரு பஸ் காலை போய்ப் பின்னேரம் திரும்புகிற நெடுங்கேணி, துணுக்காய், முசலிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அன்றைக்கு மட்டும் நடுப்பகலில் ஒரு மேலதிகச் சேவை விட்டால் போதும். எந்தெந்தப் பாதைக்கு என்ற விவரத்தைப் பிரதேச செயலகங்கள் போக்குவரத்துச் சபையின் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பஸ் சாலைகளுக்கு (டிப்போக்களுக்கு) ஒரு மாதத்துக்கு முன்னரே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர்களும், வாக்கெடுப்பு நிலையக் கடமையாற்றிய ஆசிரியர்களும்,
ஒட்டுசுட்டான்.