ஓசிடி அறையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மீனா,

விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி மெஷினின் தடிமன் மேப் பச்சையாக, அதாவது இயல்பு என்று, இருந்தால் ரிப்போர்ட்டை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது.

மெஷின் விழித்திரையில் இரண்டு கோடு போட்டு, நடுவில் உள்ள தூரத்தைத்தான் தடிமன் என்கிறது. மேல்கோடு பெரும்பாலும் சரியாக விழும். வில்லங்கம் கீழ்க்கோட்டில். மாக்குலா என்கிற விழித்திரையின் நடுப்பகுதி நீர் கசிந்து கெடும் ஈர வகை மாக்குலா சிதைவில், அந்தக் கோட்டுக்கு ஆதாரமான அடியிலுள்ள நிறமி அடுக்கே மேடுபள்ளமாகிவிடுவதால், அந்தக் கோடு வழிதவறி நீரின் மேல்விளிம்பில் ஓடும். அடியில் தேங்கிய நீர் கணக்கிலேயே வராது. நடுவட்டத்தில் 240 மைக்ரான் என்று நல்ல பிள்ளையாக ஓர் எண் நிற்கும். கண்ணில் போட வேண்டிய ஊசி தள்ளிப்போகும். அதனால் ஸ்கேனின் 128 குறுக்குவெட்டுப் படங்களையும் உருட்டிப் பார். கோடு தப்பியிருந்தால் கையால் இழுத்துத் திருத்து. முடியாவிட்டால் 'கோடு தவறு, எண்ணை நம்ப வேண்டாம்' என்று ரிப்போர்ட்டிலேயே எழுது.

சிரஸ் மெஷினில் படத்தின் தரத்தைச் சொல்லும் சிக்னல் எண் 6க்குக் கீழே போனால் உடனே கண்புரையைக் குறை சொல்லாதே. பாதி நேரம் கருவிழி காய்ந்திருக்கும். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இரண்டு தடவை சிமிட்டச் சொல்லி, அடுத்த நொடியே எடு.

நடுப்பார்வை போனவருக்கு, உற்றுப் பார்க்க மெஷினுக்குள் இருக்கும் குறி தெரியாது. "நேராப் பாருங்க" என்று அதட்டிப் பயனில்லை. மற்ற கண்ணுக்கு வெளிவிளக்கைக் காட்டு. மாக்குலாவின் பள்ளம் மேப்பில் ஒன்பது கட்டமாகப் பிரித்த வட்டத்தின் நடுவில் விழுகிறதா என்பதை நீயே பார்த்துக்கொள். தள்ளி விழுந்தால் ஒன்பது கட்டத்து எண்களும் வீண்.

ஒருவருக்கு எப்போதும் ஒரே மெஷின், முன்பு எடுத்த அதே இடத்தில் திரும்ப எடுக்கும் ஃபாலோ-அப் முறை. கீழ்க்கோட்டை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் அடுக்கில் போடுகிறது. பழைய ஸ்ட்ராட்டஸ் மெஷின் காட்டியதை விட ஸ்பெக்ட்ராலிஸ் மெஷின் அதே கண்ணுக்கு 60, 70 மைக்ரான் கூடக் காட்டும். வீக்கம் ஏறிவிட்டது என்று பதறிவிடுவார்கள். மெஷின் மாறும் நாளில் இரண்டிலும் எடுத்துக் கோப்பில் வை.

மூன்று மாத ஊசிக்குப் பிறகும் நீர் வற்றாமல், நிறமி அடுக்கு கூர்மையாக மேலெழும்பி நின்றால் ரத்தக்குழாய் நுனிகள் குமிழ்போல வீங்கும் பாலிபாய்டல் வகையாக இருக்கலாம். ஆசியக் கண்களில் அது அதிகம். சாயம் ஏற்றிக் கண்ணின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஐசிஜி ஆஞ்சியோ தேவையா என்று டாக்டரிடம் கேள். அந்தச் சாயத்தில் அயோடைடு உண்டு. அயோடின் அலர்ஜி இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஊசி ஏற விடாதே.

அப்பா