ராக், இண்டி இசை கேட்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதிருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கத்தின் செயல்பாடுகளை இந்த ஆண்டுப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

கூட்டங்கள்

மாதக் கூட்டம் வழக்கம்போலக் கடைசிச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, மேற்கு மாம்பலம் மாடி அறையில் நடந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், கூட்டம் இல்லை. அன்றைக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டு, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது என்பதைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். டிசம்பரில் அதைப் போட்டோம். மார்கழி என்பதால் பாதிப் பேர் சபாக்களில் இருந்தார்கள். சபாவிலா, சபா கேன்டீனிலா என்று நான் கேட்கவில்லை. ஜனவரி 25 கூட்டத்துக்கு வராதவர்களில் சிலர் அன்று அகமதாபாத்தில் கோல்ட்பிளே நிகழ்ச்சியில் இருந்தார்கள். இதைப் பற்றிச் சந்தா பகுதியில் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் தேநீர் ஏற்பாடு மாறியது. மார்ச்சில் ஃபேன் பழுது பார்க்கப்பட்டது.

பரிந்துரைச் சீட்டு

உறுப்பினர்கள் ஒரு பாட்டைப் பரிந்துரைக்க நிரப்பித் தரும் இந்தச் சீட்டே இந்த ஆண்டின் முக்கியப் பணி. சிலர் இதை "செயலாளரின் பரீட்சைத் தாள்" என்று சொல்வது என் காதுக்கு எட்டாமல் இல்லை. ஆகவே ஏன் கொண்டுவந்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முந்தைய வழக்கம் எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவில் வாட்ஸாப் குழுவில் ஐந்து லிங்க் வந்து விழும். கீழே "வேற லெவல், கேளுங்க" என்று ஒரு வரி. யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் முதல் முப்பது வினாடியில் மூடிவிடுவார்கள். பாட்டில் குறை கிடையாது. ராக் பாட்டு பலதும் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். பல்லவி முதல் நிமிடத்தில் வந்துவிட வேண்டும் என்று பழகிய காதுக்கு, எங்கே காத்திருக்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். ஐந்து லிங்க் அனுப்புகிறவர் அதைச் சொல்வதில்லை.

எனவே ஒருவர் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு பாட்டு, அதற்கு அரைப் பக்கச் சீட்டு. அதில் பாட்டு, குழு, ஆல்பம், ஆண்டு; எந்த வடிவம் (ஆல்பத்தில் உள்ளதா, தனிப் பாட்டாக விற்க, அதாவது சிங்கிளாக வெட்டியதா, மேடையில் வாசித்ததா, பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த ரீமாஸ்டரா); நீளம்; எந்த இடத்தில் எதைக் கவனிப்பது; கடைசியாக, யாருக்கு இந்தப் பாட்டு பிடிக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலானோர் "எல்லோருக்கும்" என்று நிரப்பித் தருகிறார்கள். எல்லோருக்கும் பிடிக்கும் பாட்டுக்குப் பரிந்துரையே தேவையில்லையே.

ஒழுங்காக நிரப்பப்பட்ட சீட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்த ஆண்டிலிருந்தே சான்று தருகிறேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மணி', 1973. 'யாருக்கு' என்ற கட்டத்தில் "தாளம் போட்டுக் கேட்பவர்களுக்கு" என்று எழுதியிருந்தது. பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய கை உடனே துடையில் தட்ட ஆரம்பித்துவிடும்; ஆனால் மூன்று, நான்கு என்ற பிரிப்பை அப்படியே பொருத்தினால் பேஸ் கிட்டாரின் அழுத்தங்கள் இடறும். ஏழையும் தனித்தனியாக எண்ணுவதே நல்லது. ஆரம்பத்தில் வரும் நாணயச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் டேப்பை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி ஒட்டிச் சுழலவிட்டவை. அதனால் அந்தச் சத்தமே தாளம் வைத்துவிடுகிறது. சாக்ஸபோன் முடிந்து கிட்டாரின் தனி வாசிப்பு தொடங்கும்போது தாளம் நாலுக்கு மாறும், பிறகு ஏழுக்கே திரும்பும். சீட்டில் "கிட்டார் வரும்போது கை தப்பும், தப்பட்டும்" என்று எழுதியிருந்தார் அந்த உறுப்பினர். அறையில் இருந்த அத்தனை கையும் அங்கேதான் தப்பியது. சிங்கிளாக வந்த வடிவம் வெட்டிக் குறைத்தது. அதைப் போட்டால் இந்த அனுபவம் பாதிதான்.

இதற்கு அடுத்த மாதம் ரேடியோஹெட்டின் '15 ஸ்டெப்'. ஐந்து எண்ணிக்கை. ஏழு எண்ணிக்கையைத் தாண்டி வந்தவர்களுக்கு ஐந்து சுலபம் என்பதால் வரிசையை அப்படி வைத்தேன். 2007 அக்டோபரில் அந்தப் பாட்டு உள்ள 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைக் குழுவே தன் இணையதளத்தில், வாங்குபவர் விரும்பிய விலைக்குக் கொடுத்தது. விரும்பிய விலை என்றதும் நம் உறுப்பினர்கள் முகத்தில் தெரிந்த மலர்ச்சியைப் பொருளாளர் குறித்துக்கொண்டார்.

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கென்று ஜாய் டிவிஷனின் 'டிஸார்டர்', 1979. குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் ஹுக் அதை மேல் ஸ்வரங்களில் வாசிப்பதால் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது அதுதான்; கிட்டார் பின்னால் நிற்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் போட்டால் "பாடகர் சுரத்தே இல்லாமல் பாடுகிறாரே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்லிவிட்டுப் போட்டபோது மறுபடி போடச் சொன்னார்கள்.

புயலால் தள்ளிப்போன 'வென் த லெவி பிரேக்ஸ்' 1929இல் கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த பாட்டு. லெட் ஸெப்பலின் 1971இல் அதை எடுத்தாண்டது. கேட்க வேண்டியது டிரம்ஸை. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படி அடியில் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அடியின் கனம் அந்தப் படிக்கட்டுக் கூடத்திலிருந்து வருவது. போன் ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது, தயவுசெய்து முயல வேண்டாம்.

பஸ்காக்ஸின் 'போர்டம்' சீட்டுக்குத்தான் அதிகச் சண்டை. 1977 ஜனவரியில், கடன் வாங்கிய 500 பவுண்டில், சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டுப் பெயரில், 1000 பிரதி போட்ட நான்கு பாட்டு இசைத்தட்டில் ஒன்று அது. பெரிய கம்பெனி வாசலில் நிற்காமல் தட்டுப் போடலாம் என்று பிரிட்டனில் பல குழுக்களுக்குத் தைரியம் தந்த தட்டு. அதன் கிட்டார் தனியில் இரண்டே ஸ்வரம், 66 முறை. "இதற்கு ஒரு வித்வான் தேவையா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தேவையில்லை என்பதுதான் அந்தப் பாட்டின் பலமே. சண்டை நடந்தது நல்லது. லிங்க் மட்டும் வந்திருந்தால் சண்டைகூட வந்திருக்காது.

நம் பக்கத்து இசைக்கு வந்த சீட்டுகள் குறைவு என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இந்தியன் ஓஷனின் 'கந்தீசா' (2000), கேரளத்தின் அவியல் குழுவின் 2008 ஆல்பம், இரண்டும் வந்தன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய, கானாவையும் ராக்கையும் கலக்கும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பற்றி ஒரே சீட்டு. கானாவின் சட்டி மேளமும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரோடு எங்கே சேர்கின்றன என்று இன்னும் இரண்டு பேராவது எழுதியிருக்கலாம். நம் ஊர்க் குழுவான தி எஃப்16ஸ் பற்றி யாருமே எழுதவில்லை. மூத்த உறுப்பினர்கள் 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத் வாசித்ததைப் பேசாத கூட்டம் கிடையாது. ஓபெத் பாட்டுக்கு இன்றுவரை ஒரு சீட்டு வரவில்லை.

ஒலி ஏற்பாடும் அதன் மீதான புகார்களும்

ஜூன் கூட்டத்தில் பாடகரின் குரல் கேட்கவில்லை என்று புகார் வந்தது. செயலாளர் பட்டனை மாற்றித் திருகியதாகவும் பேசப்பட்டது. உண்மை நிலையைச் சொல்கிறேன். வாடகைக்கு வந்த கேபிளில் ஒரு முனை 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறு முனை மூன்று தொடுபுள்ளி கொண்ட 6.35 மி.மீ. பின். அதை மிக்ஸரின் மைக் வரிசையில் உள்ள பேலன்ஸ்டு மோனோ (ஒரே ஒலித்தடத்தை மட்டும் ஏற்கும்) உள்ளீட்டில் செருகினால், மிக்ஸர் இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக உள்ளவை, அதாவது பாடகர் குரல், பேஸ், டிரம்ஸின் கிக், எல்லாம் காணாமல் போகும். எதிரொலியும் ஓரத்துக் கிட்டாரும் மட்டும் மிஞ்சும். இதற்குப் பட்டனில் பரிகாரம் கிடையாது. 3.5 ஸ்டீரியோவிலிருந்து இரண்டு தனித்தனி மோனோ பின்னாகப் பிரியும் கேபிளை வாங்கி, இரண்டு சேனலில் செருகி, ஒன்றை முழு இடம், ஒன்றை முழு வலம் திருப்ப வேண்டும். இப்போது சங்கத்துக்குச் சொந்தமாக அது உண்டு. லேப்டாப்பை சார்ஜரில் வைத்தபோது வந்த "ம்ம்" என்ற உறுமல் எர்த் சிக்கல். பேட்டரியில் ஓடவிட்டதும் நின்றது. ஆகவே லேப்டாப்பை முழு சார்ஜுடன் கொண்டுவரவும்.

இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் பீட்டில்ஸின் 1965 'ரப்பர் சோல்' ஆல்பத்தில் குரல் இல்லை என்றார்கள். அந்த ஸ்டீரியோ வடிவத்தில் பெரும்பாலான பாட்டுகளுக்குக் குரல் வலப்பக்கம், வாத்தியம் இடப்பக்கம். அறுபதுகளின் பாட்டுக்கு மோனோ வடிவம் கிடைத்தால் சீட்டில் அதையே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் மிக்ஸரில் இரண்டு சேனலையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இன்னொன்று சத்த அளவு. ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்து தருகின்றன. பென் டிரைவில் கொண்டுவரும் கோப்புக்கு அந்த வசதி கிடையாது. நிக் டிரேக்கின் 1972 'பிங்க் மூன்' ஒரு குரல், ஒரு கிட்டார். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அதற்காக அளவை ஏற்றிவிட்டு, அடுத்து மெட்டாலிக்காவின் 2008 'டெத் மேக்னெட்டிக்' கோப்பைப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழ்வீட்டார் செப்டம்பரில் நேரில் வந்து தெரிவித்தார்கள். அந்த ஆல்பம் உச்சங்கள் நசுங்கும் அளவுக்குச் சத்தமாக மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலியமைப்பு) செய்யப்பட்டது. ரசிகர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இனிமேல் கோப்பு தருபவர் பாட்டின் உச்ச இடம் எந்த நிமிடம் என்று எழுதித் தந்தால், கூட்டத்துக்கு முன்பே அந்த இடத்தை ஓடவிட்டு அளவு வைத்துவிடலாம்.

ப்ளூடூத் கூடாது என்ற விதி நீடிக்கிறது. 'டிஸார்டர்' நடுவே ஒரு கடன் அட்டை விற்பனை அழைப்பு ஸ்பீக்கரில் ஒலித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். போன் விமானப் பயன்முறையில், வயரில். ஒரு பாட்டை அடுத்ததன் மேல் செயலியே கலந்துவிடும் 'கிராஸ்ஃபேட்' அணைத்திருக்க வேண்டும், இடைவெளியற்ற ஓட்டம் இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'மணி' அடுத்த பாட்டுக்குள் கரையும் இடம் கெட்டுப்போகும்.

கணக்கு

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு ஏறக்குறைய செலவை எட்டியது. எட்டாத இடத்தைச் சில நல்ல மனங்கள் நிரப்பின. கேபிள், அறை வாடகை, தேநீர், ஃபேன் ஆகியவை முக்கியச் செலவுகள். 'இதர செலவு' என்ற தலைப்பு குறித்துக் கேள்வி இருப்பவர்கள் கூட்டம் முடிந்து பொருளாளரைப் பார்க்கலாம்.

சந்தா மாதம் 100 ரூபாய். இரண்டு ஆண்டாக ஏற்றவில்லை. ஆனாலும் பாக்கிப் பட்டியல் உறுப்பினர் பட்டியலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்வது சங்க மரபில்லை. அகமதாபாத்துக்கு விமானம் ஏறி கோல்ட்பிளே பார்க்க முடிந்தவர்கள், பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரனுக்கு வரிசையில் நின்றவர்கள், மேற்கு மாம்பலத்துக்கு ஜிபே செய்ய மட்டும் நெட்வொர்க் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று நம்பவே விரும்புகிறேன். கூட்டத்துக்கு வராமல் "இன்னைக்கு என்ன பாட்டு போட்டீங்க, லிஸ்ட் அனுப்புங்க சார்" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த லிஸ்ட் இனிமேல் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே அனுப்பப்படும். இது செயற்குழு முடிவு. நான் தனியாக எடுத்ததல்ல.

நன்றி

மாடி அறையைத் தொடர்ந்து தரும் வீட்டு உரிமையாளருக்கும், பொறுமை காத்த கீழ்வீட்டாருக்கும், தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், மழைக் காலத்தில் ஸ்பீக்கரைத் தன் வீட்டில் வைத்துக் காத்த துணைச் செயலாளருக்கும், தேநீர் கொண்டுவந்த தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு

பன்னிரண்டு மாதக் கூட்டத்துக்கு மாதம் மூன்று சீட்டு என்று வைத்தால் 36 சீட்டு வேண்டும். இந்த ஆண்டு வந்தவற்றில் கணிசமான பகுதியை ஒரே கை எழுதியது. யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. அதே கையே அடுத்த ஆண்டும் எழுதினால் இது ஒருவரின் ரசனைப் பட்டியலாகிவிடும். சங்கம் என்ற பெயருக்கு அது பொருந்தாது.

செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரேனும் முன்வந்தால் சீட்டுக் கோப்பு, கேபிள் பெட்டி, அறைச் சாவி மூன்றையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராத பட்சத்தில் பொதுக்குழு முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். அப்படி ஆனால் ஒரே வேண்டுகோள்: ஏப்ரல் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சீட்டு, நம் ஊர்க் குழு ஏதாவதொன்றின் பாட்டுக்கு. வெற்றுச் சீட்டுகள் வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு மேலே உள்ள அலமாரியில் இருக்கின்றன. பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்